நியூற்றலில் உருளவிடப் பழக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் ஏ-9 வீதியால் போகும் வண்டிகள் குறைவு. இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்று வாங்கிக்கொண்டுதான் மிச்சப் பயணம். அந்தக் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் லொறியும் வானும் ஓடியிருக்கிறேன். இன்றும் வாடகைக்கு ஒரு பழைய டொல்பின் வான் வைத்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, வந்து நிற்கும் வண்டியின் சத்தத்தைக் கொண்டு சாரதி எப்படி நிறுத்துகிறார் என்று சொல்லிவிடுவேன். கியரில் வருகிற வண்டி முனகி முனகி வேகம் குறையும். எந்தக் கியரும் போடாமல் நியூற்றலில் வருகிற வண்டியில் ரயர் உருளும் ஓசை மட்டும் கேட்கும். கடைசியில் பிரேக் கிறீச்சிடும். இந்த இரண்டாவது சத்தம் வரவரக் கூடுகிறது.

எழுத வேண்டும் என்று பலநாள் நினைத்து விட்டுவிட்டேன். சென்ற மாதம் என் மகள் சாரதிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவளுக்கு ஒட்டுசுட்டானில் வேலை. மாங்குளத்தால் திரும்பிக் காட்டு வழியே போய்வர வேண்டும், அந்தி சாய்ந்தால் யானை நிற்கும் வீதி. மூன்றாம் நாள் பயிற்சி முடிந்து வந்தவள், “அப்பா, நிறுத்துவதற்கு இருநூறு மீற்றர் முன்பே நியூற்றலில் போட்டு உருளவிட வேண்டுமாம். பெற்றோல் மிச்சமாகுமாம்” என்றாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. பயிற்சி நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே பழக்குகிறவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் பழக்கியவர் சொன்னதை அப்படியே சொல்கிறார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது என் வயதுச் சாரதிகளுக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் பெற்றோல் மருந்துபோல அளந்து வாங்கும் பொருளாக இருந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். காபரேற்றர் வண்டியில் காலை எடுத்தாலும், கியரில் வேகமாகச் சுழலும் எஞ்சின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகையால் நியூற்றலில் போட்டால் உண்மையிலேயே கொஞ்சம் மிஞ்சியது. நானும் அப்படித்தான் ஓடினேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்தால் அது வீட்டில் இரண்டு மூன்று இரவு விளக்கெரிக்கும்.

இப்போது வரும் பெற்றோல் கார்களில் காபரேற்றர் இல்லை. எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்ரர் இருக்கிறது. அதை ஒரு சிறு கணினி ஆளுகிறது. கியரில் ஓடும்போது அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால், சில்லுகள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன என்பதை அது அறிந்து எண்ணெயை முற்றாக அடைத்துவிடும். எஞ்சின் வேகம் ஐட்லிங் பக்கம், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு, இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூற்றலில் போட்டால் எஞ்சினைச் சுழற்றச் சில்லு இல்லை; அணையாமல் இருக்க அது எண்ணெய் குடித்தே ஆக வேண்டும். டீசல்காரருக்கு இது பழைய சங்கதி. என் டொல்பினில் இருக்கும் பழைய பம்பும், கியரில் காலை எடுத்தால் எஞ்சின் வேகத்தை ஆளும் கவர்னர் வழியாக எண்ணெயை மறித்துவிடும்.

2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. வரிசையில் நாள்கணக்காக நின்ற அந்த நாட்களில்தான் இளம் பிள்ளைகளும் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். கணக்கைப் பார்ப்போம். சிறிய கார் சும்மா நின்று எஞ்சின் ஓடினால் மணிக்கு அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடையில் குடிக்கும். இருநூறு மீற்றர் உருள எடுக்கும் பதினைந்து இருபது விநாடிக்கு அது ஒரு தேக்கரண்டி அளவு. கியரில் வந்தால் அதுவும் செலவில்லை. “நியூற்றலில் வண்டி கூடத் தூரம் உருளும், அதனால் முன்கூட்டியே காலை எடுக்கலாமே, மாமா” என்று என் மருமகன் வாதாடினான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது; வண்டி தூரமாக உருளும். அந்த வழியில் ஏதும் மிஞ்சினாலும் அது தேக்கரண்டிக் கணக்குத்தான்.

அந்தத் தேக்கரண்டிக்கு நாங்கள் என்ன விலை கொடுக்கப் பார்த்தோம் என்பதைச் சொல்கிறேன். கடந்த மார்கழியில் ஒரு பின்னேரம், தூறல். மாங்குளத்தில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மருமகன் தன் அல்ரோவை ஓட்ட, நான் இடப்பக்கம் இருந்தேன். கொக்காவில் தாண்டியதும் ஒரு பட்டி மாடு வீதியைக் கடந்தது. அவன் தூரத்திலேயே கண்டு நியூற்றலில் போட்டு உருளவிட்டான். மாடுகள் கடந்துவிட்டன. கடைசிக் கன்று மட்டும் தாயைத் தேடித் திரும்பியது. பிறகு அதுவும் விலகியது. அப்போதுதான் பின்னால் மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் கண்டேன். “எடு, எடு” என்று கத்தினேன். அவன் அக்சிலேற்றரை மிதித்தான். எஞ்சின் வீரிட்டது, கார் அசையவில்லை. பதற்றத்தில் நாலாம் கியரைத் தள்ளினான். கார் ஒருமுறை உதறி அணைந்துபோனது. ரிப்பர்காரப் பிள்ளை இடப்பக்கம் கிரவலில் இறக்கி ஒடித்ததால் தப்பினோம். அந்த லொறியின் பெட்டி என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. என் பக்கக் கண்ணாடி முழுவதும் செம்மண் சேறு. துடைக்கக் கை எழவில்லை.

கியரில் இருந்திருந்தால் காலை வைத்தவுடன் கார் பாய்ந்திருக்கும். ஓடும் வண்டி கையில் இருப்பது என்றால் நிறுத்தவும் முடிய வேண்டும், எடுக்கவும் முடிய வேண்டும். 2013இலும் 2014இலும் புகையிரதம் மறுபடி வன்னிக்கு வந்த பிறகு இது இன்னும் கூடிய அவசியம். உள்வீதிகளில் கடவைகள் மேட்டில் ஏறித் தண்டவாளத்தைக் கடக்கின்றன. நியூற்றலில் உருண்டு வந்து அந்த மேட்டில் வேகம் செத்து, தண்டவாளத்தின் மேல் கியர் தேடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இலண்டனில் இருக்கும் என் தமக்கையின் மூத்த மகன், பிரித்தானிய வீதிக் கையேட்டின் 122ஆம் விதியே இதைப்பற்றித்தான் என்றான்: நியூற்றலிலோ கிளச்சை மிதித்தபடியோ உருளவிடுவது சாரதியின் கட்டுப்பாட்டைக் குறைக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறதாம்.

எங்களுடையது தட்டை நிலம். இதன் முழு ஆபத்தும் இங்கே தெரியாது. போர்நிறுத்தத்தில் ஏ-9 பாதை திறந்திருந்த 2003இல் உறவினர்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், இறம்பொடை வழியே இறங்கினேன். வன்னியில் ஓடியதுபோலவே நியூற்றலும் பிரேக்குமாக வந்தேன். நாலைந்து வளைவுக்குள் கருகிய மணம். பிறகு பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. கைப்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கம் ஒதுக்கி, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு நின்றோம். என் தாயார் கைகூப்பியபடி வானுக்குள்ளேயே இருந்தார். தேயிலைக் கொழுந்து லொறிச் சாரதி ஒருவர் நிறுத்தி, சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், அண்ணே.” என்னைவிட இளையவர். அன்று தொடக்கம் அதுதான் எனக்குப் பாடம்.

இன்னும் சிலர் சாவியைத் திருப்பி எஞ்சினையே நிறுத்திவிட்டு உருளுகிறார்கள். பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்ரருக்கு வேண்டிய வெற்றிடம் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அது தாங்கும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகும். சாவி தவறி முழுதும் திரும்பிக் கழன்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அதற்காக ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொரு கியராக இறக்கித்தான் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய லொறிக்காரருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அந்த நாளில் பிரேக் அவ்வளவு பலமில்லை, தேவை இருந்தது. இன்று அப்படி ஓடினால் தேய்வது கிளச் பிளேட். பிரேக் பாட் மாற்றுவது கராஜில் ஒருமணி நேர வேலை. கிளச் பிளேட் மாற்றக் கியர்ப்பெட்டியையே கழற்ற வேண்டும். கியரை மட்டும் நம்பி வேகத்தைக் குறைத்தால் பிரேக் விளக்கும் எரியாது, பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மாரியில் நனைந்த கிரவல் வீதியில் இரண்டாம் கியரைத் திடீரென்று போட்டுக் கிளச்சை விட்டால் சில்லு வழுக்கவும் கூடும்.

மகளுக்கு நான் காட்டிக் கொடுத்தது இதுதான். நாலாம் கியரில் வருகிறாயா, அதிலேயே வா. அக்சிலேற்றரில் இருந்து காலை எடு, பிரேக்கை மெதுவாக மிதி. கார் இலேசாக நடுங்கத் தொடங்கும். அப்போது கிளச்சை மிதி, நிறுத்து. நின்ற பிறகு நியூற்றல், கைப்பிரேக், கிளச்சில் இருந்து காலை எடு. நியூற்றலுக்கு இடம் அங்கேதான். நிற்காமல் திரும்பிப் போக வேண்டிய சந்தி என்றால், வேகம் இருபது இருபத்தைந்துக்கு வந்ததும் நாலில் இருந்து நேரே இரண்டுக்குப் போ. முதல் நாள் இரண்டு தடவை அணைத்துவிட்டாள். மூன்றாம் நாள் கச்சான் கடைக்கு முன்னால் தண்ணீர்க் குவளை சிந்தாத பக்குவத்தில் நிறுத்தினாள்.

பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்களிடம் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்: இருநூறு மீற்றர் நியூற்றலை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் செய்முறைப் பரீட்சையில், கியரில் இருந்தபடி பிரேக் பிடித்து நிறுத்துவதைப் பரீட்சகர்கள் கவனித்துப் பார்த்தால் பெரிய உபகாரம். நான் சொன்னதில் ஐயம் உள்ள பயிற்றுநர் எவரும் முறிகண்டிக்கு வரலாம். கோவிலடியில் வெள்ளை டொல்பின் நிற்கும். கொக்காவில் வரைக்கும் ஒருமுறை கியரில், ஒருமுறை நியூற்றலில் போய்வருவோம், டீசல் என்னுடையது.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவர்,
முறிகண்டி.