"பார்க்காமல் விட்டால் நஷ்டமில்லை" என்றவருக்கும் சேர்த்து ஒரு புகார்

அனுப்புநர்: உங்கள் வருடாந்திர ஃபைபர் - ஓடிடி காம்போ வாடிக்கையாளர், ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள். (இவருக்கு மேலே யாராவது இருந்தால் அவர்களும் படிக்கலாம்.)

பொருள்: முழு வருடப் பணமும் வாங்கிக்கொண்டு 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரின் மூன்றாம் பாகத்தைத் திறந்துவிடாதது, கேட்டதற்கு எங்களுக்கு விமர்சனம் படித்துக் காட்டியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மரியாதையாகவே தொடங்குகிறேன். கடைசி வரை அப்படியே போகுமா என்று சொல்ல முடியாது. இன்று காலைகூட "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. நம்பி டிவியைப் போட்டேன். அதே பூட்டுப் படம். அதே "இந்த நிகழ்ச்சி உங்கள் திட்டத்தில் இல்லை, மேம்படுத்தவும்". யாருடைய வீட்டில் போய்த் தீர்த்தீர்கள் என்று தெரியவில்லை.

அந்தக் காம்போ என்ன, அதில் என்னென்ன செயலிகள், எந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. நீங்கள் விற்றது, உங்களுக்கே தெரியும். இந்த இணைப்பை நாங்கள் வாங்கியதே அந்த ஒரு தொடருக்காகத்தான் என்பது மட்டும் உங்கள் பதிவேட்டில் இருக்காது, அதனால் சொல்கிறேன். விற்பனைக்கு வந்த உங்கள் பையனிடம் என் மாமியார் வாசலிலேயே கேட்டார்: "இன்டர்நெட்டெல்லாம் ஏற்கெனவே இருக்குப்பா. ரமணி வெர்சஸ் ரமணி புதுசு இதுல வருமா, அதை மட்டும் சொல்லு." அவர் கையிலிருந்த டேப்லெட்டில் அந்தப் போஸ்டரையே எடுத்துக் காட்டி, "இதுதானே பாட்டி? எல்லாம் இதுலயே வரும்" என்றார். பாட்டி உடனே உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அந்த மோரை நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது 1990களின் கடைசியில். கே.பாலசந்தரின் தயாரிப்பில் நாகா இயக்கிய அந்தத் தொடரின் முதல் பாகம் வந்ததும் அப்போதுதான். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் இருக்கவும் முடியாது. அதில் வெட்டுக்குத்து கிடையாது, விஷம் வைக்கிற நாத்தனார் கிடையாது. புது மருமகளும் மாமியாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். எங்கள் வீட்டில் இன்றுவரை பெரிய சண்டை வராமல் இருப்பதற்கு அந்தத் தொடருக்குப் பாதிப் பங்கு உண்டு. அதைத்தான் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாம் பாகம் 2022-லேயே வந்துவிட்டது. அப்போது வீட்டில் கண் ஆபரேஷன், அது இது என்று பார்க்க முடியவில்லை. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது வரப்போகிற செய்தி வந்த அன்றே அமளி. என் ஓரகத்தி இரண்டாம் பாகத்தின் கட்சி. அதில் மனைவி ரமணியாக வந்த தேவதர்ஷினி இல்லாமல் ரமணி என்ன ரமணி என்று எழுதினாள். முதல் பாகத்து ஜோடி ராம்ஜியும் வாசுகியுமே திரும்ப வருகிறார்கள், நாகாவே எடுக்கிறார் என்று தெரிந்ததும் எங்கள் கட்சிக்கு ஒரே குஷி. என் கணவருக்கு இரண்டு கட்சியும் கிடையாது. "கே.பி. 2014-லேயே போயிட்டார், இனிமே எதுக்கு இதெல்லாம், நல்ல ஞாபகத்தைக் கெடுத்துக்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்காக அவர் மூன்று வேளையும் பேச்சு வாங்கினார். இப்படி ஒரு தொடரைப் பார்ப்பதற்கு முன்பே சண்டை போடுகிற குடும்பம் இது. பார்த்த பிறகு போட வேண்டிய சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கு வழியில்லாமல் செய்திருக்கிறீர்கள்.

இனி அந்த சூப்பர்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அவருக்காகத்தான்.

உங்கள் சாட்டில் பேசும் இயந்திரம் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள், காத்திருந்தேன், ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றினார், திரும்பப் பாட்டு. கடைசியில் சூப்பர்வைசர் என்று ஒருவர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது, ஒரு எழுத்து மாற்றாமல்:

"மேடம், அந்த சீரியலுக்கு நெட்ல ரிவ்யூவே சுமாராத்தான் போட்டிருக்காங்க. பார்க்காம விட்டதுல உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல."

நான் திகைத்துப் போய், "என் மாமியார் ஆசைப்படறாங்க" என்றேன். அதற்கு அவர், "பழைய எபிசோட் யூடியூப்ல இருக்கும், அதைப் போட்டு விடுங்க மேடம். வயசானவங்கதானே, வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. எந்த எபிசோடில் எந்த ரமணி எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர். அவருக்கு வித்தியாசம் தெரியாதாம்! "யாரைச் சொல்றான், என்னையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் ஆள் "நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. தொடர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வது எப்போதிலிருந்து உங்கள் கம்பெனியின் வேலையானது? பழைய தொடரைத் திரும்ப எடுத்தால் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் மகன் 'ஃப்ரேசியர்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் பைத்தியம். 1993 முதல் 2004 வரை ஓடிய அதை 2023-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018-லேயே இறந்துவிட்டார், தம்பி நைல்ஸாக நடித்தவர் திரும்ப வர மாட்டேன் என்றுவிட்டார். "நைல்ஸ் இல்லாம என்ன ஃப்ரேசியர்" என்று புலம்பிக்கொண்டே இரண்டு சீசனையும் ஒரு எபிசோட் விடாமல் பார்த்தான். மூன்றாவது வராது என்று ஆனதும், ஏன் நிறுத்தினார்கள் என்று அதற்கும் புலம்பினான். மும்பையில் இருக்கும் என் தோழிக்கு 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' என்ற இந்தித் தொடர். 2004-ல் வந்தபோது டிஆர்பி இல்லாமல் நின்றுபோன தொடர் அது. பிறகு இணையத்தில் பார்த்துப் பார்த்தே ஊரெல்லாம் அதற்கு ரசிகர்கள் ஆனார்கள். 2017-ல் வெப் சீரிஸாகத் திரும்ப வந்தது. சதீஷ் ஷாவும் ரத்னா பாடக் ஷாவும் அப்படியே இருக்கிறார்கள், வீடுதான் பழைய வீடு மாதிரி இல்லை என்று ஒரு மாதம் அங்கலாய்த்தாள். அவளும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கலாய்த்தாள்.

பார்த்துவிட்டுத் திட்டுவது எங்கள் உரிமை. அதற்கும் சேர்த்துத்தான் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பணம் கட்டியிருக்கிறோம். பிடிக்காவிட்டால் "இதுக்கு அந்தக் காலத்து ரமணியே தேவலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார் என் மாமியார். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் சூப்பர்வைசர் அல்ல.

சரி, கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். பிரச்சினை எங்கே என்று உங்கள் டெக்னீஷியன் தம்பி முதல் நாளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். (அவர் நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, தயவுசெய்து அவரைப் பிடித்துக் கேட்காதீர்கள்.) இணைப்பைப் பதிவு செய்தபோது கைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தை உங்கள் விற்பனைப் பையன் மாற்றி அடித்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் சரியாகத்தான் இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறேன். செயலியைத் திறந்துவிடுகிற லிங்க்கும் ஓடிபியும் யாரோ முகம் தெரியாத மனிதருக்குப் போகின்றன. அந்தப் புண்ணியவானாவது பார்த்தாரா என்று தெரியவில்லை. ஆக, அந்தத் தொடரை வெளியிட்டவர்கள் மீதும் எனக்குக் குறை இல்லை. ஒரு இலக்கம். அதைத் திருத்த உங்களால் முடியவில்லை. ஆனால் பில் மட்டும் சரியான எண்ணுக்கு, சரியான தேதியில் வந்துவிடுகிறது!

எண்ணை மாற்ற வேண்டுமென்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். இணைப்பு என் மாமியார் பெயரில். முட்டி வலிக்காரர், எண்பதைத் தாண்டியவர். ஆட்டோ வைத்து, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்று நின்று, தில்லைநகரில் இருக்கும் உங்கள் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஷோரூம் மாடியில். லிஃப்டில் "பழுது" என்று அட்டை தொங்கியது. படிக்குப் படி நின்று ஏறினார்.

மேலே போனால், சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் ஓடுவது என்ன தெரியுமா? ரமணி வெர்சஸ் ரமணி, அதே மூன்றாம் பாகம். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்டிருக்கிறார்கள், பூட்டும் இல்லை, ஓடிபியும் இல்லை. என் மாமியார் வலியை மறந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராம்ஜியைப் பார்த்ததும், "நரைச்சாலும் அந்த முழி மாறல பாரு" என்று என் கையைத் தட்டினார். டோக்கன் வாங்கி நான் திரும்புவதற்குள் ஒரு பையன் ரிமோட்டோடு வந்து கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டான். "கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி" என்று அவர் கேட்டார். "டெமோ முடிஞ்சிருச்சு பாட்டி" என்றான். அப்புறம் எங்கள் டோக்கன் வந்தது. கவுன்டரில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றார். எண்பது வயதுக்காரரை நாளைக்கும் அந்தப் படியில் ஏற்றச் சொல்கிறார்! அன்று இரவு முழுக்கத் தைலம் தேய்த்தது நான். அந்த முட்டி அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நடுவில் உங்கள் ஆட்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு ரிங் விட்டுவிட்டு, "வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை" என்று புகாரை மூடியதும் உண்டு. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த எண்ணைத் திருத்தி, செயலியைத் திறந்துவிடுங்கள். ஆதாரைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், எங்கள் வீட்டுக்குப் படி கிடையாது. பார்க்க முடியாமல் கழிந்த காலத்தைத் திட்டத்தின் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போங்கள். இவ்வளவு நாள் உங்களோடு ஒத்துழைத்திருக்கிறோம், இன்னும் ஒரு வாய்ப்பு தருவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

ஆனால் இதையும் எப்போதும்போல் மூடினீர்கள் என்றால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வேன். உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் தனியாக எழுதுவேன். அதற்கும் அசையாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஒன்றைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு வேறொன்றை விற்பதை ஏமாற்று உத்தி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே தடை செய்திருக்கிறது. உங்கள் டேப்லெட்டில் காட்டிய போஸ்டரும், உங்கள் ஷோரூம் டிவியும் அதற்கு நல்ல சாட்சி. மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் கேட்பேன். முட்டிக்குத் தனி.

அந்த சூப்பர்வைசரின் வேலைக்கு உலை வைக்கும் எண்ணம் எனக்கில்லை. பேசியது பதிவாகியிருக்கும் என்று நீங்களேதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். அவர் என் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில்தான் பேசுவோம் என்றால் அவரையே பேசச் சொல்லுங்கள். இந்த முறை போனை நான் எடுக்க மாட்டேன், என் மாமியார் எடுப்பார். அவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர் (இணைப்பு மாமியார் பெயரில்)

இணைப்பு: விண்ணப்ப நகல், பணம் கட்டிய ரசீது, பூட்டுப் படத்தின் போட்டோ, தில்லைநகர் டோக்கன்.