கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதிதாக நாணயம் சேகரிப்பவர்களுக்கான கட்டுரையில் ஒரு வரி: "கிரேடிங் செய்து பெட்டியில் அடைத்த நாணயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." கிரேடிங் என்றால், ஒரு நிறுவனம் நாணயத்தின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு, லேபிளோடு பெட்டியில் அடைத்துக் கொடுப்பது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன் நான்.

அது 1904ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டாலர் தங்க நாணயம். லேபிளில் எம்எஸ் 63, அதாவது புழக்கத்தில் தேயாத நாணயம், 70க்கு 63 மதிப்பெண். வாங்கும்போது அதில் பொறித்த சுதந்திர தேவியின் கன்னம் வழவழவென்று இருந்தது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமே அதுதான். அந்தத் தங்கக் காசுகள் மூட்டைகளில் ஒன்றோடொன்று இடிபட்டுக் கிடந்தவை. கன்னத்தில் கீறல் இல்லாதது அபூர்வம். மூன்றாம் வருஷம் கன்னத்தில் மட்டும் பாலாடை படிந்த மாதிரி வெள்ளையாக ஒரு மங்கல் வந்தது. விளக்கடியில் சாய்த்தால் பக்கத்தில் உருவம் இல்லாத சமதளத்தில் ஒளி ஓடுகிறது, கன்னத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. தங்கம் அப்படி மங்காது. யாரோ கீறலை மறைக்கப் புட்டி என்கிற பசையைத் தடவியிருக்கிறார்கள். தடவிய புதிதில் அது தெரியாது, நாள்பட நாள்படத்தான் வெளியே வரும். கிரேடு போட்டவரை நான் குறை சொல்லவில்லை, அவர் பார்த்த அன்று அது தெரிந்திருக்காது. ஆனால் அவரே ஏமாறுகிற இடத்தில் புதியவனைக் கண்ணை மூடச் சொல்கிறீர்களே ஐயா!

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பிசிஜிஎஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1986இல் கிரேடிங் தொடங்கியது, அதன் போட்டி நிறுவனமான என்ஜிசி அடுத்த ஆண்டே வந்தது. 2010இல் பிசிஜிஎஸ்ஸின் தாய் நிறுவனமே இப்படி நாணயத்தைத் திருத்தி அனுப்புகிற வியாபாரிகள் மீது வழக்குப் போட்டது. பெட்டியைச் செய்கிறவர்களுக்கே இருக்கிற பயம் உங்கள் கட்டுரையாளருக்கு இல்லை.

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் "பழைய வெள்ளி நாணயத்தைச் சமையல் சோடா போட்டுத் தேயுங்கள், பளபளக்கும்" என்று துணுக்குப் போட்டீர்கள். நாணயத்தை அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கிப் பரவுவதால் உண்டாகும் நுண்ணிய வரிகள்தான் நாணயத்தின் உயிர். சாய்த்தால் ஒளி சக்கர ஆரம்போலச் சுற்றிவருவது அவற்றால்தான். தேய்த்தால் மயிரிழைக் கோடுகள் விழும். ஆசிட்டில் அடிக்கடி முக்கியெடுத்தால் அந்த வரிகள் கரைந்து, வெள்ளையாக, செத்ததுபோல் நிற்கும். கம்பி பிரஷ்ஷை மோட்டாரில் சுழற்றித் தேய்த்திருந்தால் எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் வரப்புபோல் ஒதுங்கியிருக்கும், லென்ஸில் பார்த்தாலே தெரியும். அந்தத் துணுக்குக்கு மறுப்பு எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. சரி, இடம் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த அட்டைப்படம். வானவில் நிறத்தில் ஒரு மோர்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்), "இயற்கையின் ஓவியம்" என்ற தலைப்போடு. வெள்ளியில் கந்தகம் படிந்து மெல்லிய படலம் தடிக்கத் தடிக்க முதலில் வெளிர்மஞ்சள், பிறகு செம்மை, அப்புறம் நீலம் என்று ஒரு வரிசையில்தான் நிறம் ஏறும். உங்கள் படத்தில் மஞ்சளை ஒட்டி நீலம் நிற்கிறது, நடுவில் செம்மையே காணோம். எழுத்துகளின் மேல் பெயின்ட் வழிந்த மாதிரி நிறம் ஓடுகிறது. படத்தை மட்டும் வைத்து அது செயற்கை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அட்டையில் போடுமுன் யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

நான் 22 வருஷமாகச் சந்தா கட்டுகிறவன். லென்ஸ் பிடிக்கவே உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி நாணயப் படம் போடும்போது நேராக எடுத்த ஒன்றோடு, ஒற்றை விளக்கில் சாய்த்து எடுத்த இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகன்