கிளாவர் ராஜாவும் ஒரு கப்பலும்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எனக்கு வலி காலில் இல்லை, மானத்தில். போன சனிக்கிழமை பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒரு பேத்தல் செய்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எதிராளி மூன்று நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஆட்டம், கேட்டிருந்தார்; ஆட்டத்தை நடத்தும் டிக்ளேரர் அவர்தான். அவருக்கு 9 ட்ரிக் வேண்டும் (நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் ட்ரிக்). என் பார்ட்னர் சின்ன ஸ்பேட் ஒன்றைப் போட்டார். எனக்கு முன்னால் டம்மி, அதாவது டிக்ளேரரின் கூட்டாளி எல்லாரும் பார்க்க வைக்கும் கை, விரிந்தது: டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று வரிசையாக ஐந்து. அதைத் தவிர உருப்படியாக இருந்தது கிளாவர் ஏஸ் மட்டும், அதற்குத் துணையாக ஒரு பொடி. டைமன் ஏஸும் கிளாவர் ராஜாவும் என் கையில்.

ஸ்பேட் ஏஸால் முதல் ட்ரிக்கை எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பார்ட்னருக்கே ஸ்பேடைத் திருப்பிவிட்டேன். அங்கேதான் கெட்டது. அப்புறம் டிக்ளேரரிடமிருந்து டைமன் வந்தது. பார்ட்னர் 2-ஐப் போட்டார். நாங்கள் பேசிவைத்தபடி, முதலில் சின்னது போட்டால் அந்த இனத்தில் அவரிடம் ஒற்றைப்படைச் சீட்டுகள்; பெரியது போட்டுப் பிறகு சின்னது போட்டால் இரட்டைப்படை. மொத்தம் 13 டைமனில் டம்மியில் ஐந்து, என்னிடம் மூன்று; அவரிடமும் மூன்று என்றால் டிக்ளேரரிடம் இரண்டே. ஒரு சுற்று விட்டுக்கொடுத்து இரண்டாவதில் ஏஸைப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் டம்மிக்குப் போகும் வாசல், அதாவது அங்கே ஒரு ட்ரிக் எடுத்து அங்கிருந்தே ஆட உதவும் கிளாவர் ஏஸ், திறந்தே கிடந்தது. டிக்ளேரர் உள்ளே போய் மிச்ச டைமனை எல்லாம் அள்ளிவிட்டார்.

இரண்டாவது ட்ரிக்கிலேயே கிளாவர் ராஜாவைப் பலி கொடுத்திருக்க வேண்டும். அவர் ஏஸ் போட்டு எடுத்தால் வாசல் அப்போதே மூடிவிடும்; விட்டுவிட்டால் இன்னொரு கிளாவரில் மூடிவிடும். டைமன் ஏஸ் என் கையில் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். பிந்தினால் நாமே அவரை டம்மிக்குக் கூட்டிப்போனதுபோல் ஆகிவிடும். நாலு டைமன் ட்ரிக் போக வேண்டிய இடத்தில் ஒன்றோடு நின்றிருக்கும்.

இதற்கு மெரிமேக் என்று பெயர். 1898-இல், ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவின் சான்டியாகோ துறைமுக வாயை அடைக்க அமெரிக்கர்கள் தங்கள் கப்பலையே மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பலின் பெயர்தான் அது. வேடிக்கை என்னவென்றால், குண்டடிபட்டு சுக்கான் போய், வேறிடத்தில் மூழ்கி, வாய் அடைபடவே இல்லை! என் ராஜாவோ மூழ்கவே இல்லை.

தடுப்பாட்டம் கஷ்டமா என்று கேட்டிருந்தாய். டிக்ளேரருக்குத் தன் பக்கத்து 26 சீட்டும் தெரியும். நமக்கும் 26 தெரியும், அதில் பாதி எதிரியுடையது. மீதியைப் பார்ட்னர் போடும் இரண்டையும் எட்டையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் நாட்டுப் பிரணாப் பர்தன் 60 வயதில் பிரிட்ஜில் தங்கம் வாங்கியதைச் சொல்லித்தானே என்னை இதில் இழுத்துவிட்டாய்? இப்போது அனுபவிக்கிறேன்.

சரி, உனக்கு ஒரு கேள்வி. பார்ட்னர் அந்த முதல் டைமனில் 2-க்குப் பதில் 8-ஐப் போட்டு, அடுத்ததில் சின்னதைப் போட்டிருந்தால், ஏஸை எந்தச் சுற்றில் எடுப்பாய்? யாரையும் கேட்காமல் பதில் எழுது.

உன்,
மணி