ஆறுமணிக்குருவிக்கு இடம் வேண்டும்: நம் தெருக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

நம் தெருவில் குடியிருப்பவர்களுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருப்பவர்களுக்கும் கும்பகோணத்திலிருந்து எங்கள் வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, வடசிறகில், அதாவது தெருவின் வடக்கு வரிசையில், ஒரு வீட்டின் கொல்லைப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. புதிதாகப் போட்ட கண்ணாடிச் சன்னலில் ஒரு பறவை மோதி, சிமெண்ட் தரையில் விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, கட்டையான வால். அந்த வீட்டார் பதறிப்போய், அட்டைப் பெட்டியில் துளை போட்டுத் துணி விரித்து, அதை இருட்டான இடத்தில் வைத்தார்கள். வாயைத் திறந்து தண்ணீர் புகட்டவில்லை. அது நல்லதாகப் போயிற்று, அடிபட்ட பறவைக்குப் புரையேறிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்ததும் அது பறந்தது. ஆறு வீட்டுக் கொல்லைகளைத் தாண்டி, தெருக்கோடிப் பாட்டி வீட்டு மாமரத்தடியில்தான் போய் இறங்கியது.

அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விடாமல் கூவுவதால் அந்தப் பெயர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. பாட்டி வீட்டுக் கொல்லையில் அது பங்குனி வரை இருந்தது. ஆறு கொல்லைகளை விட்டுவிட்டு ஏன் அங்கே போனது என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். பாட்டி மட்டும்தான் மாமரத்துச் சருகைப் பெருக்கிக் கொளுத்துவதில்லை. மரத்தடியிலேயே தள்ளிவிடுவார். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி, பூச்சியும் மண்புழுவும் தின்னும் பறவை. மற்ற ஆறு இடத்திலும் புரட்டுவதற்குச் சருகும் இல்லை, மண்ணும் இல்லை.

ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இரண்டாம் கட்டைத் தாண்டினால் கிணறு, துவைக்கிற கல், அந்தத் தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை, கறிவேப்பிலை, முருங்கை, கோடியில் மாட்டுக்கொட்டில் என்று இருந்தது. அப்புறம் ஆழ்குழாய் வந்தது, மாடு போனது, சேறு வேண்டாம் என்று சிமெண்ட் போட்டோம். இந்தக் குழுவில் இருக்கிற நாங்களும் போட்டவர்கள்தான். அதை உடைக்கத்தான் இப்போது உங்களிடம் கை நீட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்யலாம். இந்தப் பொங்கலுக்கு நாங்கள் நான்கு பேர் சிமெண்ட் போட்ட ஒரு கொல்லையில் 15 நிமிடமும், பாட்டி வீட்டில் 15 நிமிடமும் நின்றோம். முதல் இடத்தில் காகம், மாடப்புறா, மைனா, அவ்வளவுதான். பாட்டி வீட்டில் 14 வகை. வாழைப்பூவில் தேன்சிட்டு, கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும், வேலியோரம் நத்தை தேடிய செம்போத்து, பட்டுப்போன முருங்கைக் கிளையில் பொந்து குடைந்துகொண்டிருந்த குக்குறுவான், அகல இலையைச் சிலந்தி நூலால் தைத்துக் கூடு கட்டுகிற தையல்சிட்டு. இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் முப்பதடி தூரம்கூட இருக்காது.

பறவைகளுக்கு என்று நாம் எதையாவது செய்யாமல் இல்லை. இரண்டு வருடம் முன்பு சிட்டுக்குருவிக் கூண்டுகள் ஆறு வாங்கி மாட்டினோம். ஆறும் இன்று வரை காலி. தானியம் தின்கிற பறவைதானே, அரிசி வைத்தால் வந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால் குருவி தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான். தேன்சிட்டும் அப்படித்தான், தான் தேன் குடித்தாலும் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும் கொண்டுபோகிறது. பூச்சி இல்லாத தெருவில் கூண்டு மாட்டி என்ன பயன்? மாடியில் தானியத்தை வாரி இறைத்தாலோ மாடப்புறாதான் பெருகுகிறது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை நசுக்காமல் விட்டால் அது கறுப்பு நிறப் பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும், அல்லது ஒரு குஞ்சின் வாய்க்குள் போகும். இரண்டுமே நமக்கு வேண்டியவை.

சரி, என்ன செய்யப்போகிறோம்? வடசிறகில் 11 வீட்டுக்காரர்கள், பின் மதிலை ஒட்டி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். முழுக் கொல்லையும் இல்லை. வண்டி நிறுத்தவும் துணி காயவைக்கவும் இடம் இருக்கும். 11 துண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போவதால், தையல்சிட்டுக்கு அது ஒரே நீளமான புதர்தான். செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, எலுமிச்சை நடுவோம். இடமுள்ள இரண்டு கொல்லைகளில் கல்யாண முருங்கை வரும். சந்து ஓரத்தில் தானாக முளைத்த எருக்கைப் பிடுங்க வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது.

பாட்டி தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையைப் பத்து வருடத்துக்குக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார், வாடகை இல்லாமல். அங்கே பத்தடிக்கு ஆறடி, நடுவில் இரண்டடி ஆழம் உள்ள ஒரு குட்டை வெட்டுகிறோம். ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருக்கும். பறவைகள் விரல் ஆழத் தண்ணீரில்தான் குளிக்கும், விழுந்த அணிலும் தவளையும் ஏறி வரவும் வழி வேண்டும். சுற்றிலும் மூங்கில் தட்டி, பூட்டுடன் கதவு. சின்னப் பிள்ளைகள் உள்ள தெரு, அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வீடு வீடாகப் போனபோது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. கொசு வராதா? வாளியிலும் டயரிலும் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரத்தில் கொசு பறந்துவிடுகிறது, உண்மை. குட்டையில் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த நம் வாய்க்கால் சிறு மீன்களை விடுவோம், அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும். வெளிநாட்டுக் கம்பூசியா மீன் வேண்டாம், அது தவளைக் குஞ்சையும் கடித்துவிடும். வீடுகளில் வைக்கும் மண்சட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும். முடியாதவர்கள் தயவுசெய்து சட்டி வாங்க வேண்டாம்.

பாம்பு வராதா? இந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாம்பு எலியைத் தேடித்தான் வருகிறது. எலி, நாம் கொட்டுகிற சோற்றையும் அடுக்கி வைத்த பழைய செங்கல், விறகையும் தேடி வருகிறது. ஆகவே குப்பையையும் செங்கல் குவியலையும் முதலில் அகற்றுகிறோம். சருகு பின் மதில் ஓரம் மட்டும்தான். கொல்லைக் கதவிலிருந்து பத்தடி தூரம் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். இருட்டினால் டார்ச் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது, அடிக்காதீர்கள். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இப்போது சிமெண்டே உள்ள கொல்லைகளிலும் போன வருடம் இரண்டு முறை பாம்பு வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி கணக்கு. குட்டை வெட்டிக் கல் கட்ட 42,000 ரூபாய். சிமெண்டை உடைத்து அகற்றி, வண்டல் மண்ணும் எருவும் போட 38,000. கன்றுகள், மூங்கில் தட்டி, கதவு 19,000. மண்சட்டிகளும், கண்ணாடிச் சன்னல்களுக்கு வெளிப்புறம் கட்டும் வலையும் 9,000. வாரம் ஓர் அரைநாள் வந்து பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரருக்கு மாதம் 1,500 வீதம் இரண்டு வருடத்துக்கு 36,000. இந்தக் கடைசித் தொகையைக் குறைக்கச் சொன்னார்கள்; நாங்கள் சம்மதிக்கவில்லை. நட்ட கன்று சாவது முதல் இரண்டு கோடையில்தான். ஆக மொத்தம் 1,44,000 ரூபாய். குழுவினரும் 11 வீட்டாரும் 58,000 கொடுத்துவிட்டோம். இன்னும் 86,000 வேண்டும்.

ஒரு வீட்டுக் கொல்லைக்கு உடைக்கவும் மண் போடவும் ஏறக்குறைய 3,500 ஆகிறது. முடிந்தவர்கள் ஒரு கொல்லையை ஏற்றுக்கொள்ளலாம். தாத்தா பாட்டி பெயரில் கொடுக்க விரும்புபவர்கள் அவர்கள் வாழ்ந்த வீட்டுக் கொல்லைக்கே கொடுக்கலாம், அந்த வீடு இன்று வேறு கைக்குப் போயிருந்தாலும் சரி. நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாதவர்கள் எரு, மூங்கில், கன்று தரலாம். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் மண் சுமக்க வரலாம்.

பணம் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டுமே சேரும். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. ரொக்கமாகக் கொடுத்தால் பொருளாளரிடம் உடனே ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதம் ஒரு முறை பாட்டி வீட்டுத் திண்ணைப் பலகையில் ஒட்டப்படும். வெளியூர்க்காரர்களுக்கு அதன் படம் வந்து சேரும். முழுத் தொகையும் சேராவிட்டால் குட்டையைத் தள்ளிப் போட்டுவிட்டு, சிமெண்ட் உடைப்பதையும் நடுவதையும் முதலில் முடிப்போம்.

ஆனி முடிவதற்குள் பணம் கைக்கு வந்தால் ஆடியில் மண் போட்டு, ஆவணியில் நட்டுவிடலாம். ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்து, தரையில் முதல் சருகு விழுந்திருக்கும். ஆறுமணிக்குருவி வருகிற நேரமும் அதுதான்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குப் பாட்டி வீட்டுக் கொல்லையில் கூடுகிறோம். எங்கே உடைப்பது என்று 11 கொல்லையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம். வந்து பாருங்கள், கோடு தப்பாகப் பட்டால் அங்கேயே சொல்லுங்கள், மாற்றிப் போடலாம்.