ஓர் அறை வீட்டுக்கும் வழி சொன்னவர்களுக்கு

கொழும்பு 13, புளூமெண்டால் பக்கத்தில் 'தோட்டம்' என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்பின் மக்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சென்ற மாதம் மாற்றலாகிப் போனார். பிரியாவிடை வைக்க விரும்பினோம். பொன்னாடையா, மாலையா என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, "கூட்டம் என்றாலே எனக்கு இப்போதும் பயம்" என்று சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பொன்னாடைக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். அவருக்கு மட்டுமல்ல, கொரோனாக் காலத்தில் எங்களோடு நின்ற பலருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அந்தக் காலம் முடிந்த கையோடு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்ற எங்களுக்கு நன்றி எழுத எங்கே நேரம்?

பரிசோதகர் மாத்தயா (சிங்களத்தில் ஐயா), உங்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு போட்டார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் நாள் முழுவதும் அறிவுரை சொல்லின. கையைக் கழுவுங்கள், ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள், சுகமில்லாதவரைத் தனி அறையில் வையுங்கள், அவருக்குத் தனிக் கழிப்பறை கொடுங்கள் என்றார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் வீடு என்பதே ஓர் அறைதான். சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள். குழாயும் கழிப்பறையும் பொது. எங்கள் சந்தின் அகலமே ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும். அந்த அறிவுரையை யாருக்காக எழுதினார்களோ, எங்களுக்காக இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

நீங்கள் வந்தபோது கையில் துண்டுப்பிரசுரம் இருந்தது. அதை வாசித்துக் காட்டவில்லை. குழாயடியில் நின்று யார் எப்போது வருகிறார்கள், எத்தனை வாளி பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன் பிறகு சொன்னவை எதுவும் துண்டுப்பிரசுரத்தில் இல்லை. வரிசைக்கு ஒரு நேரம் என்று தண்ணீர் பிடிக்கும் நேரத்தைப் பிரித்தீர்கள். காய்ச்சல்காரர் கழிப்பறைக்குக் கடைசியாகப் போக வேண்டும், போய் வந்ததும் கதவைத் திறந்து காற்றோட விட வேண்டும், தாழ்ப்பாளையும் குழாய்ப் பிடியையும் குளோரின் தண்ணீரால் துடைக்க வேண்டும் என்றீர்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கரைக்கச் சொன்னீர்கள், ஒரு நாள் போனால் அதன் வீரியம் போய்விடும் என்று. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும் என்று வாசல் வாசலாக எச்சரித்தீர்கள். சுத்தம் கூடட்டும் என்று இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றப் போன பெண்கள் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள். தனி அறை இல்லாவிட்டால் தலைமாடு கால்மாடாகப் படுங்கள், முகத்துக்கு முகம் வேண்டாம், இருக்கிற ஒரு ஜன்னலை இரவிலும் சாத்தாதீர்கள் என்றீர்கள். நுளம்பு வருமே என்று கேட்டதற்கு, "வலை கட்டுங்கள், ஜன்னலைச் சாத்தாதீர்கள்" என்றீர்கள். காற்றின் வழியாகவும் பரவுகிறது என்பது பெரிய இடங்களில் இன்னும் விவாதமாக இருந்த நாட்கள் அவை.

இன்னொன்றுக்கும் நன்றி. தொடக்கத்தில் சுகமில்லாதவர்கள் மட்டும் முகக் கவசம் அணிந்தால் போதும் என்றீர்கள். பிறகு எல்லோரும் அணியுங்கள் என்றீர்கள். குழாயடியில் ஒருவர் எகத்தாளமாகக் கேட்டார், "போன மாதம் வேறு மாதிரிச் சொன்னீர்களே?" நீங்கள் கோபிக்கவில்லை. "போன மாதம் தெரிந்ததைப் போன மாதம் சொன்னேன், இப்போது கூடுதலாகத் தெரியும்" என்றீர்கள். உங்கள் கொச்சைத் தமிழில் அது இன்னும் கண்டிப்பாக ஒலித்தது. அந்த ஒரு பதிலோடுதான் தோட்டம் உங்களை நம்பத் தொடங்கியது. 2020 ஒக்டோபரில் முகக் கவசத்தையும் இடைவெளியையும் கட்டாயமாக்கி, மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று வர்த்தமானி வந்தது. அதற்கு ஆதாரமான சட்டம் 1897ஆம் ஆண்டினது என்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம். அப்போதும் உங்கள் பையில் அபராதப் புத்தகத்துக்கு மேலே முகக் கவசக் கட்டுத்தான் இருந்தது.

அந்த ஒக்டோபரை எப்படி எழுதுவது? தொற்று மினுவாங்கொடையில் தொடங்கி, பேலியகொடை மீன் சந்தைக்கு வந்து, எங்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி என்று வட கொழும்பு முழுவதையும் பிடித்தது. எங்கள் ஆண்களில் பாதிப்பேர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள், மீதிப்பேரில் பலர் மீன் வியாபாரம். அன்றன்று உழைத்து அன்றன்று சாப்பிடுகிறவர்களைப் பார்த்து வெளியே போகாதே என்றால், அடுத்த கேள்வி சோற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஓர் அலுவலகத்தில் எங்கள் பெயர்ப் பட்டியலையே தொலைத்துவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. பட்டியலை மறுபடி எழுதித் தந்த கிராம உத்தியோகத்தருக்கும், கடன் கொப்பியை மூடாமல் அரிசி, பருப்பு, சீனி தந்த முனைக்கடை முதலாளிக்கும் எங்கள் நன்றி. கொப்பியில் சில பக்கங்கள் இன்னும் தீரவில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

குடும்பநல மாது அக்காவுக்கு என்ன சொல்ல? கிளினிக்குகள் தள்ளிப்போன நாட்களில் கர்ப்பிணிகளைத் தேடி அவரே வந்தார். யாருக்கு எத்தனையாம் மாதம் என்று கொப்பி பார்க்காமலே சொல்வார். 2021 ஓகஸ்டில் டெல்டா பரவி வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தபோது, பலரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். தோட்டம் முழுவதற்கும் ஒட்சிசன் அளவு பார்க்கும் விரல் கருவி ஒன்றுதான் இருந்தது. எங்கள் சந்தில் ஒரு பிள்ளைக்கு அது 88 காட்டியது. வீடே அழுதது. அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு நகப்பூச்சு, விரலோ சில்லென்று இருந்தது. பூச்சை அழித்தார், இரண்டு கைகளுக்குள்ளும் விரலை வைத்துச் சூடேற்றினார், மறுபடி மாட்டினார். எண் மெதுவாக ஏறி 97இல் நின்றது. அதே மாலை, மூச்சு வாங்கவே இல்லை என்று சாதித்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 89 என்றது. சூடேற்றிப் பார்த்தும் அசையவில்லை. 94க்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது என்று அக்கா உடனே 1990க்கு, சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு, அழைத்தார். பெரியவர் இன்று கொச்சிக்கடைப் பக்கம் நடந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார். சுவசெரிய வண்டியில் வந்த பிள்ளைகளுக்கும் இந்த வரியில் நன்றி. சந்துக்குள் வண்டி வராததால் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் முஸ்லிம் அண்டை வீட்டார்களுக்குச் சொல்ல வேண்டியது நன்றியை விடப் பெரியது. கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் இருந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தும் அது மாறவில்லை. காய்ச்சலை மறைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரிசோதனைக்குப் போனால் கடைசியில் உடல் எங்கே போகும் என்ற பயம் வீட்டுக்குள் இருக்கும்போது எந்த அறிவுரை காதில் ஏறும்? அந்த நிலையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஒலிபெருக்கியில் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். தங்கள் வீட்டாரை முதலில் அனுப்பினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் போனாலும் மண் கிடைத்ததே என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

எங்கள் இளைஞர்கள் தனிப் படை. சிங்களத்தில் அறிவித்தல் வந்த இரவே அதைத் தமிழாக்கி, கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் ஒரே வாசகத்தை வாசிக்க வைத்தார்கள். கைப்பேசியில் வந்த புரளிகளுக்கும் பதில் சொன்னார்கள். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தபோது, எங்கள் தோட்டத்திலிருந்து வேன் பிடிக்கக் கிளம்பியவர்களை மறித்தவர்களும் இவர்களே. கொத்தமல்லி குடியுங்கள், தொண்டைக்கு இதம், ஆனால் அதைக் குடித்துவிட்டு மூடிய வேனில் இருபது பேர் ஏறாதீர்கள் என்றார்கள். ஆச்சிமார் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் போகவில்லை.

தடுப்பூசிக் கதையில் ஒன்று மட்டும். முதல் ஊசியாகக் கோவிஷீல்ட் போட்டவர்களுக்கு இரண்டாவது ஊசி மாதக்கணக்கில் வரவில்லை, இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. ஜப்பானிலிருந்து அதே வகை மருந்து 2021 ஜூலை இறுதியில் வந்தபோது, மாத்தயாவும் அக்காவும் பழைய அட்டைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடினார்கள். வீடு மாறிப் போனவர்களைக்கூட விடவில்லை.

பெயர் எழுதாமல் விட்டதற்கு யாரும் வருந்த வேண்டாம். எழுதினால் விடுபட்டவர் நாளைக் காலை குழாயடியில் என்னைப் பிடித்துக்கொள்வார். இந்த மடலின் சிங்களப் படியைத் தம்பிமார் மாத்தயாவுக்கு அனுப்புவார்கள்.

விரல் கருவி இன்னும் வேலை செய்கிறது, முனைக்கடையில் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கலாம். புதிய பரிசோதகர் சனிக்கிழமை காலை டெங்குப் பரிசோதனைக்கு வருகிறார். கூரைப் பீலி, பழைய டயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் வெள்ளி மாலைக்குள் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்பாளர்கள் சார்பில், செயலாளர்
கொழும்பு 13