விடையை மட்டும் போடாதீங்க, வழியையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பர்மாவுல பெகுல இருந்து எழுதுறேன், முப்பது வருஷத்துக்கு மேல பேட்டரி சார்ஜ் போடுற கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் இங்க வராது, அறுபதுகள்ல கப்பலேறிப் போன எங்க பெரியப்பா குடும்பம் திருச்சில இருக்கு, அவங்கதான் மாணவர் பக்கத்தைப் போட்டோ எடுத்து என் பேத்திக்கு அனுப்புவாங்க. அந்தப் பக்கத்துல கேள்வியும் விடையும் மட்டும் வருது, வழி வர்றதில்ல, அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

பேத்தி கிரேடு 10 படிக்கிறா. இங்க கிரேடு 9 வரைக்கும் பாடம் பர்மிய மொழியில, 10க்குப் போனதும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு எல்லாம் இங்கிலீஷ் புக்கு. சயாமா, அதாவது டீச்சரம்மா, பர்மிய மொழியில விளக்குவாங்க, புள்ள இங்கிலீஷ்ல எழுதணும், வீட்டுல நாங்க பேசுறது தமிழ். எங்க காலத்துலயே தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் போயிடுச்சு, இப்ப லீவுல கோவில்ல சொல்லித் தர்ற தமிழ்தான். வசதி உள்ளவங்க கைடு, அதாவது டியூஷன் வாத்தியார், வச்சுக்கிறாங்க, இல்லாதவங்க புள்ளைங்க போனைக் காட்டி விடையை எடுத்து நோட்டுல எழுதிக்கிட்டுப் போகுதுங்க.

என் பேத்தியும் அதைத்தான் செஞ்சா. ஒருநாள் ராத்திரி கரண்டு இல்ல, கடைல இன்வெர்ட்டர் வெளிச்சத்துல உக்காந்து ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருந்தா, எட்டிப் பார்த்தேன். ரிலேட்டிவ் டென்சிட்டி 1.25 உள்ள ஆசிட் 500 மில்லி எத்தனை கிராம்னு கேள்வி, 625ன்னு விடை எழுதியிருந்தா. எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறா. எனக்கும் அந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியாது, ஆனா 1.25ன்னு பாத்ததும் மனசுல சுரீர்னுச்சு, ஏன்னா நான் தினமும் பாக்கிற நம்பர் அது. நாங்க அதை கிராவிட்டின்னு சொல்லுவோம்.

உடனே ஹைட்ராமீட்டரை எடுத்துட்டு வந்தேன். கண்ணாடிக் குழாய், மேல ரப்பர் பல்பு, உள்ள ஒரு சின்ன மிதவை. சார்ஜ் ஏறின பேட்டரில விட்டு உறிஞ்சினேன், மிதவை நல்லா மேல நின்னு 1280 காட்டுச்சு. பக்கத்துல டவுன் ஆன பேட்டரி, அதுல விட்டா மிதவை அமுங்கி 1150க்குப் போயிடுச்சு. தண்ணின்னா 1000ம்மா, அதே அளவு தண்ணியை விட இந்த ஆசிட்டு ஒண்ணேகால் பங்கு கனம்னா 1250, புக்குல அதைத்தான் 1.25ன்னு போட்டிருக்கான்னேன். 500 மில்லி தண்ணி 500 கிராம், அதுல ஒண்ணேகால் பங்கு எவ்வளவுன்னு கேட்டதும் 625ன்னு அவளே சொன்னா. டென்சிட்டிக்குத் தமிழ்ல அடர்த்தின்னு சொல்லுவாங்கன்னு திருச்சிலேர்ந்து அப்புறமா சொன்னாங்க. அந்த வார்த்தை அவளுக்கு ஏற்கெனவே தெரியும் ஐயா, பாட்டி தலை வாரிவிடும்போது முடி நல்லா அடர்த்தியா இருக்குன்னு தினமும் சொல்றதுதான், அது பிசிக்ஸ் புக்குல வர்ற விஷயம்னு மட்டும் யாரும் அவகிட்ட சொன்னதில்ல.

அதோட விடல. கிராவிட்டி ஏறினா பேட்டரி வெயிட்டும் ஏறணுமே தாத்தான்னு கேட்டா. இத்தனை வருஷம் பேட்டரி தூக்கியிருக்கேன், இதை யோசிச்சுப் பார்த்ததே இல்ல. டவுன் ஆன பைக் பேட்டரி ஒண்ணைத் தராசுல வச்சோம், சார்ஜ் போட்டு மறுநாள் திரும்ப வச்சோம், முள்ளு அதே இடத்துல நின்னுச்சு. அப்ப ஆசிட்டுல ஏறின கனம் எங்கேருந்து வந்துச்சு? புக்கைப் புரட்டி ரெண்டு நாள் மண்டைய உடைச்சு அவளே கண்டுபிடிச்சா, பேட்டரி இறங்கும்போது ஆசிட்டுல இருக்கிற சல்பேட் ரெண்டு பிளேட்லயும் போய் ஒட்டிக்குது, ஆசிட்டு தண்ணியாகுது, சார்ஜ் போட்டா பிளேட்ல இருந்து திரும்பி ஆசிட்டுக்கே வந்துடுது, ஆக மொத்தம் எதுவும் வெளியே போகல. பேட்டரி சல்பேட் ஆயிடுச்சுன்னு கஸ்டமர்கிட்ட நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அதோட அர்த்தத்தை என் பேத்திதான் எனக்குச் சொல்லித் தந்தா. இந்த மாதிரி பேட்டரியை 1859லயே பிளான்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் செஞ்சாராம், அதையும் அவதான் சொன்னா.

ஆனா எல்லாத்துக்கும் கடைல சாமான் இருக்காது. அடுத்த வாரம் மோல் வந்துச்சு. 49 கிராம் சல்ஃபியூரிக் ஆசிட் எத்தனை மோல்னு கேள்வி, நான் கையை விரிச்சுட்டேன். திருச்சில பெரியப்பா பேரனோட சம்சாரம் டீச்சரா இருக்கு, அது வாய்ஸ் மெசேஜ்ல சொல்லுச்சு, ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு டஜன் பூசணிக்காயும் எண்ணிக்கை ஒண்ணுதான், எடை வேற, மோலும் டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கைதான், என்ன, ரொம்பப் பெரிய எண்ணிக்கை, 6.022 எழுதி பத்தோட 23 அடுக்கால பெருக்கணும், தண்ணின்னா அத்தனை மூலக்கூறு சேர்ந்து 18 கிராம், சல்ஃபியூரிக் ஆசிட்னா 98 கிராம். அப்ப 49 அரை மோல்னு அவ சட்டுன்னு சொல்லிட்டா, மூணு நிமிஷ மெசேஜ் அது, அவ்வளவுதான்.

எங்களுக்குத் திருச்சில ஒரு டீச்சர் இருக்கு, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு யாரு இருக்கா? அதனாலதான் கேக்குறேன் ஐயா. உங்க மாணவர் பக்கத்துல கேள்வியும் விடையும் அம்பது அறுபதுன்னு போடுறீங்க, அதுல பாதியைக் குறைச்சுட்டு வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கை எடுத்து அடிலேர்ந்து முடிவு வரைக்கும் தமிழ்ல விளக்குங்க, வீட்டுல கிடைக்கிற பொருளை வச்சு. மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி ஏன் செவப்பாகுது, அதுலயே எலுமிச்சம்பழம் பிழிஞ்சா ஏன் திரும்ப மஞ்சளாகுதுன்னு எழுதுங்க, ஆசிட்டும் காரமும் அதுலயே வந்துடும். ஆசிட்டைத்தான் தண்ணில ஊத்தணும், தண்ணியை ஆசிட்டுல ஊத்தக்கூடாதுன்னு எங்க கடைப் பையன்களுக்கு நாங்க திட்டித் திட்டிச் சொல்றோம், ஏன்னு காரணத்தோட எழுதுங்க, கை வெந்துபோகாம ஒரு பையனாவது தப்பிப்பான். பக்கத்துலயே இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்துல போட்டுட்டீங்கன்னா எங்க ஊருப் புள்ளைங்களுக்கும் உதவும். அடர்த்தின்னு படிச்சதும் டென்சிட்டின்னு தெரியணும் இல்லையா.

பேத்தி நோட்டுல இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. உப்புத் தண்ணில ரெண்டு வயரை விட்டா பல்பு எரியுது, சர்க்கரைத் தண்ணில எரியல, ரெண்டும் வெள்ளையாத்தான இருக்கு, ரெண்டும் கரையத்தான செய்யுதுன்னு கேக்குறா. முதல் வாரம் இதையே போடுங்க ஐயா.

இப்படிக்கு,
பெகுவுல இருந்து ஒரு வாசகர்