ஆறு மட்ச்

பலெர்மோ
06.09.2025

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுறியோ? அம்மா புதன் இரவு எங்கடை ஊர்க் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேத்தி வைச்சு, வெறுங்காலோடை மலை ஏறினவ. முழங்கால் வீங்கிக் கிடக்கு. ஆருக்காக நேத்தி எண்டு நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.

நேற்று புட்போல் மட்ச் பாத்தனியோ? கத்தூசோ இத்தாலிக்குக் கோச்சாய் நிண்ட முதல் மட்ச், பெர்கமோவிலை எஸ்தோனியாவோடை. முதல் பாதியிலை ஒரு கோலும் இல்லை. பிறகு அஞ்சு அடிச்சாங்கள். முடிஞ்சும் எனக்கு நித்திரை வரேல்லை.

2013இலை அவன் இஞ்சை வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பலெர்மோ அணி செரி பி எண்ட ரெண்டாம் பிரிவுக்கு இறங்கின வருசம். உலகக் கிண்ணம் எடுத்தவன், மிலானிலை ரெண்டு சம்பியன்ஸ் லீக் எடுத்தவன், எங்கடை ஊருக்கு வாறான் எண்டு குதிச்சனீ. ரோசா-கறுப்புச் சட்டை கேட்டனீ, நான் வாங்கித் தரேல்லை. ஆறு லீக் மட்ச்தான். செப்டம்பர் முடிய முதல் அணி முதலாளி சம்பரினி கலைச்சுவிட்டார். பிறகு கோச்சாய் வந்த யாகினி அதே அணியை முதலாமிடத்திலை மேலை ஏத்தினார். கலைச்சதிலும் பாக்க அதுதான் அவனைச் சுட்டிருக்கும்.

பிறகு கிரேக்கத்திலை கிரேத்தா தீவு அணி. அங்கை சம்பளப் பிரச்சினை, உடைஞ்ச இங்கிலீசிலை மேசையிலை அடிச்சுக் கத்தினதை நீதான் போனிலை காட்டிச் சிரிச்சனீ. பீசா அணியை மேலை ஏத்தினான், அடுத்த வருசமே இறங்கினது. 2020இலை நாப்போலியிலை கோப்பா இத்தாலியா கிண்ணம் எடுத்தான், தன்ரை தங்கச்சி செத்து ரெண்டு கிழமையாலை. ஃபியொரெந்தினாவிலை 23 நாள், ஒரு மட்ச் கூட இல்லை. வலென்சியா, மார்செய் எல்லாம் பாதியிலை. பெரிய கோச் எண்டு சொல்ல நான் வரேல்லை. கோச்சாய் அவன் எடுத்த பெரிய கிண்ணம் அந்த ஒண்டுதான். பந்து பறிக்கத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது. ஆனால் அவனைக் கலைச்சதெல்லாம் பேப்பரிலை வந்தது. வீட்டிலை ஒளிக்க அவனுக்கு வழியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சித்தப்பாவின்ரை மகனோடை ஒருக்கால் கதை, அவனுக்கு லண்டனிலை கன பேரைத் தெரியும். ஏன் எண்டு கேளாதை, சும்மா கதை. இந்த மாசமும் காசு அனுப்பினனீ. நான் கேட்டனானோ? உனக்கு வேலை கிடைச்ச அண்டு பல்லரோ சந்தையிலை தமிழ்க் கடையடியிலை நிண்ட எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான். அந்தச் சந்தோசமே எனக்குக் காணும். காசை வைச்சிரு, தேவைப்படும்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போன் எடுத்தனீ. மீற்றிங்கிலை நிக்கிறன் எண்டாய். பின்னாலை ஊஞ்சல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் எனக்கு நல்லாய்த் தெரியும்.

பலெர்மோ கத்தூசோவைக் கலைச்ச அதே கிழமைதான், நான் வேலை செய்த வீட்டுக்காரி சிஞ்ஞோரா என்னை வேலையாலை நிப்பாட்டினவ. உன்னையும் கூட்டிக்கொண்டு போனனான். குசினி மேசையிலை அவ சொல்லச் சொல்ல நீ தமிழிலை சொன்னனீ. பதின்மூண்டு வயசு. "அப்பா, இனி வரவேண்டாமாம்" எண்டு சொல்லேக்கை உன்ரை விரல் மேசை விரிப்பின்ரை நூலை இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி, அவ சொன்னது எனக்கு முதலே விளங்கீட்டுது. எட்டு வருசம் அந்த வீட்டைத் துடைச்சவனுக்கு அவ்வளவு இத்தாலியன் தெரியாதோ? விளங்காதவன் மாதிரி இருந்து, உன்ரை வாயாலை சொல்ல வைச்சனான். திரும்பி வரேக்கை பஸ்ஸிலை, அம்மாவுக்குச் சொல்லாதை எண்டும் சொன்னனான். நீயும் சொல்லேல்லை. ஒரு மாசம் காலமை வெளிக்கிட்டு, ஜார்தீனோ இங்லேசே பூங்காவிலை ஊஞ்சலடி வாங்கிலை இருந்திட்டு, பின்னேரம் களைச்சவன் மாதிரி வந்தனான். ஒளிக்கப் பழக்கினது நான்தான்.

செவ்வாய் இரவு அம்மாவுக்கு இதைச் சொன்னன். பன்ரண்டு வருசத்துக்குப் பிறகு. அவ சிரிச்சா. மூண்டாம் நாளே தெரியுமாம். வீடு துடைக்கப் போறவன்ரை சப்பாத்திலை என்னண்டு புல்லு ஒட்டும் எண்டு கேட்டா. தெரிஞ்சுகொண்டுதான் அந்த மாசம் முழுக்கச் சோத்துப் பெட்டி கட்டித் தந்திருக்கிறா.

லண்டனிலை இருந்து இஞ்சை வர இப்ப ரிக்கற் மலிவாம். அம்மா புட்டுக்கு மா வறுத்து வைச்சிருக்கிறா.

அப்பா